அரைக் கதவு

'அரை' என்ற சொல்லுக்கு நம்மவர்களிடையே அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. அரைவேக்காடு என்கிறோம்; அரைகுறை என்கிறோம்; அரைக் கிணறு தாண்டினவன் கதி என்ன ஆகும் என்று கேட்டுக் குழந்தைகளைப் பயமுறுத்துகிறோம். ஆனால் டாக்டரின் அறை வாசலிலும், பழைய ஹோட்டல்களில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய அறைகளிலும் ஆடிக்கொண்டிருக்குமே அரைக் கதவு, அதை மட்டும் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. மறைவுக்கு மறைவும் ஆயிற்று. காற்றுக்குக் காற்றும் ஆயிற்று!

இந்த வாரம் நான் சொல்ல வந்ததும் ஓர் அரைக் கதவைப் பற்றித்தான். அது ஆடுகிற இடம் டாக்டர் வீடுமல்ல, ஹோட்டலுமல்ல. இங்கிலாந்தில் ஓடுகிற ஒரு குட்டி மோட்டார் கார்.

"காருக்குக் கதவு இருப்பதில் என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள். இந்தக் காருக்கு அதிசயம்தான். ஏனென்றால் இது கதவே இல்லாமல் பிறந்த கார்!

இதன் பிறப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காலின் சாப்மன் என்ற ஆங்கிலேய இளைஞர் 1952-ல் 'லோட்டஸ்', அதாவது நம் தாமரை, என்ற பெயரில் ஒரு கார்க் கம்பெனி ஆரம்பித்தார். கையில் பணமில்லை. பிற்பாடு அவருக்கு மனைவியாக வாய்த்த ஹேஸல் கொடுத்துதவிய 25 பவுன்தான் மூலதனம் என்று அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பெரிய மரங்களுக்கு யார் கை தண்ணீர் ஊற்றியது என்பதைச் சற்று விசாரித்தால் பல சமயங்களில் இப்படித்தான் ஏதாவது வெளிவருகிறது!

1957-ல் சாப்மன் 'ஸெவன்' என்ற வண்டியை வெளியிட்டார். எடையைக் குறைத்தால் வேகம் தானே வரும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே, எது இல்லாமல் கார் ஓடுமோ அதையெல்லாம் எடுத்தெறிந்தார். கூரை போயிற்று. மெத்தைச் சொகுசு போயிற்று. கதவும் போயிற்று. நாலு சக்கரம், நடுவில் இரும்புக் குழாய்களால் ஆன ஒரு கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, சைக்கிளுக்கு இருப்பது போல் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி மட்கார்டு, இரண்டே பேர் உட்கார இடம். இவ்வளவுதான் கார்!

அந்தக் காலத்து இங்கிலாந்தில் முழுக் காராக வாங்கினால் சர்க்காருக்கு வரி கட்ட வேண்டும். உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. எனவே அநேகம் பேர் ஸெவனைப் பெட்டியில் வாங்கி, கொல்லைப்புறக் கொட்டகையில் தாங்களே பூட்டி ஓட்டினார்கள். வண்டியைப் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிவிலக்குப் போய்விடும் என்று சட்டம் இருந்ததாம். அதற்காக, 'கழற்றும் முறை' என்று ஒன்றைக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு.

1973-ல் லோட்டஸ் கம்பெனி இந்த வண்டியைக் கைகழுவியபோது, அதை விற்றுவந்த கேட்டர்ஹாம் என்ற ஊர் வியாபாரிகள் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அன்று முதல் அது 'கேட்டர்ஹாம் ஸெவன்' என்ற பெயரில் இன்றளவும் தயாராகி வருகிறது. 2021-ல் வந்த ஒரு வகைக்கு ஜப்பானின் ஸுஸுகி எஞ்சின். எடை 440 கிலோ. நம்மூர் மாருதி 800 வண்டியே இதைவிடச் சுமார் இருநூறு கிலோ கனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இனி இதில் ஏறி உட்காருவோம். 'ஏறி' என்பதுகூடச் சரியில்லை. உள்ளே இறங்க வேண்டும். பக்கவாட்டுத் தகட்டைக் காலால் தாண்டி, ஆசனத்தில் கால் வைத்து, அப்படியே சறுக்கி அமர வேண்டும். பல வண்டிகளில் சைலன்ஸர் குழாய் ஒரு பக்கத்தில் வெளியே நீண்டு ஓடும். ஓடி நின்ற வண்டியிலிருந்து அந்தப் பக்கமாக இறங்குகிறவர் கொஞ்சம் கவனம் பிசகினால் ஆடுசதையில் ஒரு சூடு நிச்சயம். உட்கார்ந்த பிறகு பார்த்தால் பக்கத்துத் தகடு இடுப்பளவுக்குத்தான் வருகிறது. முழங்கை வெளியே காற்றில் நிற்கிறது. தரை கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது.

வண்டி கிளம்பியதும்தான் காற்றின் திருவிளையாடல் ஆரம்பமாகிறது. முன்புறக் கண்ணாடியில் மோதிய காற்று இரண்டு பக்கமும் பிளந்து ஓடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால், நாம் இருக்கும் இடத்தில், காற்றின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அந்தக் குறையை நிரப்ப, ஓடிய காற்றில் ஒரு பங்கு சுழன்று திரும்பி வருகிறது. ஆகையினால்தான் திறந்த காரில் கூந்தல் பின்னால் பறப்பதற்குப் பதில் முன்னால் பறந்து கண்ணில் விழுகிறது! சினிமாவில் கதாநாயகியின் தாவணி அழகாகப் பின்னால் மிதப்பதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். போதாததற்கு, பக்கத்துத் திறப்பின் வழியாக ஒரு கீற்றுக் காற்று முழங்கையையும் தோளையும் ஊசிபோலக் குத்திக்கொண்டே இருக்கும். ஈரச் சாலையானால் முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் அதே வழியாக வந்து சேரும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. நம்மூர் ரிக்ஷாவில் மழை வந்தால் படுதா கட்டுவார்களே, அதுபோல ஸெவனுக்கும் மழைத் துணிக் கூரையும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முழுக் கதவுகளும் உண்டு. கதவு என்றால் இரும்புக் கதவு என்று நினைக்க வேண்டாம். ஓர் உலோகச் சட்டம். அதன்மேல் நம் ரெக்ஸின் மாதிரியான வினைல் துணி. மேல்பாதியில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னல். முன்கண்ணாடித் தூணில் உள்ள கீல்களில் மாட்டினால் மாட்டியது, தூக்கினால் கழன்றது.

ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் வேறு சங்கடங்கள். முழங்கைக்கு இடம் இல்லை. ஸ்டீரிங்கைத் திருப்பினால் இடிக்கிறது. பிளாஸ்டிக் ஜன்னல் நாளடைவில் கீறல் விழுந்து மங்கிப் போகிறது. நாற்சந்தியில் பக்கத்திலிருந்து வரும் வண்டி தெளிவாகத் தெரிவதில்லை. வெயிலும் வெளிச்சமும் வேண்டுமென்று வாங்கிய வண்டியில் பொட்டலம் கட்டினாற்போல் உட்கார வேண்டியிருக்கிறது!

கதவே இல்லாவிட்டால் குளிர். முழுக் கதவு போட்டால் மூச்சு முட்டல். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் அரைக் கதவு. அதே சட்டம், அதே துணி. ஜன்னல் மட்டும் இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே நின்றுவிடும். முழங்கை இடிக்காமல் இருக்க வெளிப்பக்கமாகக் கொஞ்சம் புடைத்த மாதிரியும் சிலர் தைக்கிறார்கள். காரோடு வராமல், பிற்பாடு தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்கிற சாமான் இது. பெரிய தொழிற்சாலை வேலை என்பதைவிட, தையல் இயந்திரமும் உளியும் சேர்ந்து உட்காருகிற சின்னப் பட்டறை வேலை என்று சொல்லலாம்.

பொருத்துவது எப்படி? ஊசி நூல் பிடித்த கைகளுக்கு இது சட்டென்று விளங்கும். ரவிக்கைக்கு அளவு பார்க்கிற அதே நிதானம்தான் வேண்டும்.

முதலில், பழைய கதவைக் கழற்றுமுன் அதன்மேல் பக்கக் கண்ணாடி, அதாவது பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற கண்ணாடி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் அது கதவோடு சேர்ந்தது. கதவு போனால் கண்ணும் போயிற்று! அரைக் கதவிலோ தூணிலோ அதற்கு இடம் செய்த பிறகுதான் மற்ற வேலை.

அடுத்தது கீல். முழுக் கதவின் கீலைக் கழற்றி அரைக் கதவில் பூட்டலாம். ஆனால் மழைக் காலத்தில் மறுபடி மாற்ற வேண்டுமே! தனியாக இன்னொரு ஜோடிக் கீல் வாங்கிவிட்டால் ஒரு நிமிஷத்தில் ஒன்றைத் தூக்கி மற்றொன்றை மாட்டிக்கொள்ளலாம். கீலின் நட்டுகளை முதலில் தளர்வாகவே வைத்து, கதவைத் தொங்கவிட்டுப் பார்த்து, நேராக நிற்கிறது என்று தெரிந்த பிறகே முடுக்க வேண்டும்.

பிறகு, சவாரிக்குப் போகிற கோலத்திலேயே, கோட்டும் போட்டு, சீட் பெல்ட்டும் கட்டி உள்ளே உட்கார வேண்டும். ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். முழங்கை எங்கேயாவது இடிக்கிறதா? இடித்தால் சரிசெய்ய இதுதான் சமயம்.

கடைசியாக, கதவின் பின்முனையை வண்டியோடு இழுத்துப் பிடிக்கும் வாரும் பிரஸ் பட்டனும். ஏற்கனவே முழுக் கதவுக்காக வண்டியில் உள்ள பட்டனே எட்டினால் அதிர்ஷ்டம். எட்டாவிட்டால் அலுமினியத் தகட்டில் புதிதாகத் துளை போட வேண்டும். இங்கேதான் அவசரப்படக் கூடாது. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தகட்டில் போட்ட துளையைப் பிரிக்க முடியாது! வெயில் உள்ள நாளில், வினைல் இளகியிருக்கும்போது வாரை இழுத்து அளவு பார்ப்பது நலம். குளிரில் அது விறைத்துக்கொண்டு பொய் சொல்லும். தகட்டின் மேல் காகித நாடா ஒட்டி, அதில் புள்ளி வைத்து, உட்புறத்தில் இரும்புக் குழாய் எதுவும் குறுக்கே ஓடவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே துளைக்க வேண்டும். வாரின் நுனி சைலன்ஸர் குழாயைத் தொடாமலிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். தொட்டால் உருகி நாற்றமெடுக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு என்ன லாபம்? முழங்கையைக் குத்திய கீற்றுக் காற்று நிற்கிறது. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் மடியில் விழுவதில்லை. தலைக்கு மேல் வானம் அப்படியே இருக்கிறது. தலையைச் சுற்றிச் சுழலும் காற்று மட்டும் முழுக்கப் போய்விடாது. ஆகவே கூந்தலுக்கு ஸ்கார்ப் கட்டத்தான் வேண்டும்.

மழைக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூரைத் துணியைப் போட்டாலும் அரைக் கதவுக்கு மேலே பெரிய இடைவெளி இருக்கும். இங்கிலாந்து வானத்தை நம்பி முழுக் கதவை வீட்டில் விட்டுப் போகிறவர் நனைந்துதான் திரும்ப வேண்டும். இன்னொன்று, இதைவிட முக்கியம்: பார்ப்பதற்குக் கதவு மாதிரி இருக்கிறதே தவிர, இது காற்றைத் தடுக்கும் துணி, மோதலைத் தடுக்காது. கதவு வந்துவிட்டதே என்று சீட் பெல்ட்டைத் தளர்த்துவதோ, அதன்மேல் சாய்ந்துகொள்வதோ கூடவே கூடாது.

இந்த அரைக் கதவை எதிர்க்கிற கட்சியும் இருக்கிறது. "எல்லாவற்றையும் எடுத்தெறிந்து பிறந்த வண்டிக்கு மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா? குளிரத்தானே இந்தக் கார்!" என்பது அவர்கள் வாதம். நியாயமில்லாத வாதம் என்று சொல்ல மாட்டேன். இன்று அரைக் கதவு, நாளைக்குக் கனத்த மெத்தை, மறுநாள் வேறொன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு சாதாரணக் கார்தான் மிஞ்சும்.

ஆனால் இந்த வாதத்தைச் செய்கிறவர் எந்த ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கவனித்தீர்களா? ஓட்டுகிறவருக்குக் கைக்கு ஸ்டீரிங், காலுக்கு மிதி, மனசுக்கு வளைவும் வேகமும் இருக்கின்றன. குளிர் அவருக்கு உறைப்பதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வேறு வேலை கிடையாது. குளிர் ஒன்றுதான் துணை! முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சிரித்துக்கொண்டே வருகிறார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சால்வையோடு வருகிறார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, "எனக்குத் தலை வலிக்கிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார். இரண்டு பேருக்கென்று செய்த வண்டி அன்றோடு ஒருவர் வண்டியாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறைவை எந்த அரைக் கதவும் அந்தக் காருக்குச் செய்துவிட முடியாது.

ஆகவே என்னைக் கேட்டால், முதல் அரைக் கதவைப் பக்கத்து ஆசனத்தின் பக்கம்தான் மாட்ட வேண்டும். எவ்வளவு உயரம் வேண்டும், முழங்கைக்கு எவ்வளவு புடைப்பு வேண்டும் என்பதை அங்கே உட்காருகிறவரே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் அந்தச் சமயத்தில் டிரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றால் போதும்.

நம் வீடுகளில் இந்தக் கார் இல்லை, வரப்போவதுமில்லை. ஆனால் ஒருவருடைய உற்சாகத்தில் மற்றொருவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பது நம் வீடுகளிலும் உண்டு. உற்சாகத்தையும் விட்டுவிட வேண்டாம், நடுங்கவும் வேண்டாம். நடுவில் ஓர் அரைக் கதவுக்கு இடமிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் நஷ்டமில்லை. கேட்க வேண்டியது மட்டும் நடுங்குகிறவரை!