சென்னைக்கு மூத்த ஊர் சாந்தோம்: கோட்டை போயிற்று, குப்பம் நிற்கிறது!

ஆண்டுதோறும் ஆகஸ்டு 22-ந் தேதி சென்னைக்குப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். 1639-ம் ஆண்டு அந்த நாளில் ஆங்கிலேயருக்கு இங்கே இடம் கிடைத்தது என்பது கணக்கு.

ஆனால், அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் குடியேறிய ஊர் ஒன்று இங்கே இருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே சுமார் 5 கிலோ மீட்டர் தூரத்தில், மயிலாப்பூர்க் கடற்கரையில் இருக்கும் சாந்தோம்தான் அது.

அந்த ஊருக்கும் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. மதில் இருந்தது. இன்று அவற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால், அதே கரையில் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. இது ஏன்?

இன்று அந்தக் கரை யாருக்கு என்ற வழக்கு நடந்திருக்கிறது. ஆகவே, இந்தப் பழைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

வியாபாரிகள் வைத்த ஊர்

மயிலாப்பூர் மிகப் பழைய துறைமுகம். ஏசுநாதரின் சீடரான தோமையாரின் கல்லறை இங்கே இருப்பதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ என்ற இத்தாலிய யாத்திரிகரும் இதைப் பற்றி எழுதினார்.

அந்தக் கல்லறையைத் தேடி வந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1520-களில் அங்கே மாதா கோவிலைப் புதுப்பித்துக் கட்டினார்கள். அதைச் சுற்றிக் குடியேறினார்கள். தோமையார் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். அதுதான் சாந்தோம்.

வந்தவர்களில் பலர் வியாபாரிகள். வேலையை விட்ட சிப்பாய்கள். கோவாவில் இருந்த போர்ச்சுகீசியக் கவர்னரின் கை இங்கே அவ்வளவாக எட்டவில்லை. துணி வாங்கி மலாக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். பணம் குவிந்தது. 1606-ம் ஆண்டு இந்த ஊருக்குத் தனியாக ஒரு பிஷப்பும் வந்துவிட்டார்.

அவர்கள் நல்லதையே செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பழைய கபாலீசுவரர் கோவில் கடற்கரையில்தான் இருந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில்தான் அது அழிந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். இன்றைய கோவில் பிறகு கட்டப்பட்டது. பழைய கோவிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் மாதா கோவில் வளாகத்திலேயே கிடைத்தன.

கொடி மாறிக்கொண்டே இருந்தது

பணம் சேர்ந்த ஊருக்குப் பகையும் சேர்ந்தது. 1559-ல் விஜயநகரத்து ராமராயர் படையோடு வந்து தண்டம் வசூலித்தார். 1662-ல் கோல்கொண்டா சுல்தானின் படை ஊரைப் பிடித்தது. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கோல்கொண்டா படையும் டச்சுக்காரரும் சேர்ந்து முற்றுகையிட்டு, 1674-ல் அவர்களை வெளியேற்றினார்கள்.

அதன் பிறகு கோட்டை மதிலை இடித்துவிட்டார்கள். மறுபடியும் யாரும் வந்து ஒளிந்துகொள்ளக் கூடாதே! இங்கே தோற்ற பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாண்டிச்சேரி புகலிடம் ஆயிற்று.

இதற்குள் வடக்கே ஆங்கிலேயரின் சென்னை வளர்ந்துவிட்டது. சாந்தோமில் இருந்த பல குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின. 1749-ல் ஆங்கிலேயர் சாந்தோமையும் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். மூத்த ஊர் இளைய ஊரின் ஒரு பேட்டை ஆகிவிட்டது!

எது மிஞ்சியது?

மாதா கோவில் மிஞ்சியது. இப்போது நாம் பார்க்கும் உயர்ந்த வெள்ளைக் கோபுரம் 1890-களில் கட்டப்பட்டது. மயிலாப்பூரில் லஸ் கோவில் மிஞ்சியது. அங்கே உள்ள கல்லில் 1516 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. போர்ச்சுகீசிய மொழியில் ‘லஸ்’ என்றால் ஒளி. ஊர் மக்களுக்கு அது ‘காட்டுக் கோவில்’. அந்த இடம் அப்போது காடாக இருந்தது!

சொற்களும் மிஞ்சின. சாந்தோம், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் போர்ச்சுகீசியர்கள் பழகியதால் தமிழுக்குப் பல சொற்கள் வந்தன. சாவி, ஜன்னல், அலமாரி, பொத்தான், அன்னாசி, மேஸ்திரி எல்லாம் அப்படி வந்தவையே. ஏலம் என்பதும் அவர்கள் சொல்தான். கரையில் மீன் ஏலம் போடும் பெண்கள் தினமும் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மிஞ்சியவர்கள் மீனவர்கள். இந்தக் கரையில் கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கியவர்கள் உள்ளூர்ப் படகோட்டிகள். எந்தக் கொடி பறந்தாலும் அவர்கள் இல்லாமல் வியாபாரம் நடக்கவில்லை.

இன்றைய வழக்கு

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலோரமாக ‘லூப் ரோடு’ என்ற சாலை போகிறது. ஒரு பக்கம் கடல்; மறு பக்கம் நொச்சிக்குப்பம் முதலிய குப்பங்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் நெரிசல் அதிகமானதால், வண்டிகள் இந்த வழியே போகத் தொடங்கின. சாலையோரத்திலோ மீன் கடைகள்.

2023 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இந்த நெரிசலைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளைச் சாலையின் குறுக்கே போட்டு மறியல் செய்தார்கள். பிறகு அரசு அங்கேயே நவீன மீன் அங்காடி கட்டியது. 2024-ல் அது திறக்கப்பட்டது.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு வழி வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி நிற்கக் கூடாது. மீன் விற்கிற இடம் சுத்தமாக இருந்தால் வாங்குகிறவருக்கும் நல்லது.

ஆனால், மீன் தொழில் என்பது கடை மட்டும் அல்ல. படகு நிறுத்த மணல் வேண்டும். வலை உலர்த்த, கிழிசலைத் தைக்க இடம் வேண்டும். பிடித்ததைக் கரையிலேயே ஏலம் விட வேண்டும். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே விரைவுச் சாலை போனால், கடைக்குக் கூரை போட்டு என்ன பயன்?

மத்திய அரசு 2011-ல் வெளியிட்ட கடற்கரை விதிகளில், மீனவர் பிழைப்பைக் காப்பதும் ஒரு நோக்கம் என்று எழுதியிருக்கிறது. 1985-ல் மெரினாவில் கட்டுமரங்களை அகற்றப் போய், கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்கள் போயின. அந்தத் துயரத்தை மறக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

கரையில் புதிய திட்டம் எதுவானாலும், படம் வரைவதற்கு முன்பே குப்பத்து மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். திட்டத்தை முடித்துவிட்டுக் கேட்பதில் பயன் இல்லை. காலையில் மீன் வரும் நேரத்தில் வண்டிகளை வேறு வழியில் விடலாம். படகுக்கும் வலைக்கும் உரிய மணலை அளந்து எல்லைக்கல் நடலாம். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

சாந்தோமுக்குக் கோட்டை கட்டியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இருந்தவர்கள் கடலை நம்பியவர்கள். அவர்களுக்கு இடம் விட்டுத்தான் சாலை போட வேண்டும்.