வண்டிக்கு உண்டு, வாலிபனுக்கு இல்லை

விடியற்காலையில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் உறுமியபடி இடுக்கிப் பக்கம் போகும். சில ஜீப்புகளைப் பார்த்தால் ஓட்டுகிறவரைவிட மூத்தது போலத் தெரியும். ஆனால் அதற்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனால், வண்டி பழசு, மலைப்பாதை, ஆபத்து என்றெல்லாம் சொல்லி எந்தக் கம்பெனியும் கையை விரிக்கக் கூடாது. ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளை அது.

ஜீப்புக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, அதே ஊரில் இருக்கும் ஒரு வாலிபனுக்கு இல்லை.

26 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறான். மாதம் 15,000 ரூபாய் சம்பளம். பள்ளிக்கூட வயதிலேயே வந்துவிட்ட முதல் வகைச் சர்க்கரை நோய். இது மிட்டாய் தின்று வந்ததல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் கோளாறு. தினமும் ஊசி போட்டுக்கொண்டு, அளந்து சாப்பிட்டு, ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அப்பாவின் அட்டையில் பிள்ளைக்கு இடம் 25 வயது வரை, அல்லது வேலை, அல்லது கல்யாணம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். தனி அட்டை கேட்டால் ஆண்டு வருமானம் குறுக்கே நிற்கும். 72,000 ரூபாயாக இருந்த வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். இவன் சம்பளம் 1,80,000. கடையில் பத்துப் பேர்கூட வேலை பார்க்கவில்லை, அதனால் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. க.விலக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது, இன்சுலின் அங்கே இலவசம். ஆனால் அவசரத்துக்கு மதுரை தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் தோட்டத்தையோ நகையையோ வைத்துத்தான் பில் கட்ட வேண்டும்.

சரி, சொந்தக் காசிலேயே பாலிசி எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறான். பாரத்தில் ‘சர்க்கரை உண்டா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் அடிக்கிறான். முடிந்தது கதை. ‘தற்போது எங்களால் இயலாது’ என்று பதில் வருகிறது. அடுத்த கம்பெனிக்குப் போகிறான். அங்கே பாரத்தில் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: இதற்கு முன் உங்கள் விண்ணப்பம் எங்காவது நிராகரிக்கப்பட்டதா? நோயாவது ஊசிக்குக் கட்டுப்படும். நிராகரிப்புக்கு ஊசி கிடையாது சார், அது ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குத் தொற்றும்.

இந்த இடத்தில் ஏஜென்ட் காதோடு காதாகச் சொல்வார்: “சுகர்னு ஏன் தம்பி எழுதுறீங்க? விட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்.” அவர் கமிஷனைப் பார்த்துக்கொள்வார். இவன் ஆஸ்பத்திரியில் படுக்கும்போது கம்பெனி பழைய சீட்டுகளைத் தோண்டி, மறைத்துவிட்டாய் என்று கிளெய்மை மறுக்கும். ஐந்து வருஷம் மாட்டாமல் தாண்டிவிட்டால், 2024 விதிப்படி, மோசடி என்று நிரூபித்தாலொழியக் கம்பெனி அதைக் கிளற முடியாது. ஆக, உண்மை சொன்னவன் வாசலில் நிற்கிறான், பொய் சொன்னவனுக்கு உள்ளே போக ஒரு வழியாவது இருக்கிறது. பி.காம் படித்தபோது இன்ஷூரன்ஸ் பாடத்தின் முதல் பக்கமே ‘உச்ச நல்லெண்ணம்’ என்ற தத்துவம்தான். இரு தரப்பும் ஒளிவுமறைவின்றி நடக்க வேண்டுமாம்!

கம்பெனிகள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. நோய் வந்த பிறகுதான் எல்லோரும் பாலிசி எடுப்பார்கள் என்றால் எந்த நிதியும் தாங்காது. அதற்காகத்தானே காத்திருப்புக் காலம் வைத்துக்கொள்ள அனுமதித்திருக்கிறார்கள்? ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை ஒரு பைசா தர வேண்டாம். பிரீமியத்தைக் கூட்டியும் வாங்கலாம். இரண்டு பூட்டையும் கையில் வைத்துக்கொண்டு, கதவையே செங்கல் வைத்து அடைப்பது என்ன வியாபாரம்? போடி ஏல மையத்தில் எட்டு மில்லிமீட்டர் பருங்காய்க்கு ஒரு விலை, வெடித்த காய்க்கு ஒரு விலை. தரத்துக்குத் தக்க விலை, அவ்வளவுதான். இவனுக்கும் ஒரு விலை சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் உத்தரவிட்டது. முதுகெலும்பு அடிபட்டு சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை பார்க்கும் ஒருவருக்கு இரண்டு கம்பெனிகள் பாலிசி மறுத்திருந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான பாலிசிகளை வடிவமைக்கச் சொன்னது நீதிமன்றம். 2023 பிப்ரவரியில் மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மனநோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பாலிசி வைத்தே ஆக வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. 2024-ல் எல்லா வயதுக்கும் எல்லா நோய்க்கும் பாலிசி இருக்க வேண்டும் என்றது. கவனியுங்கள், கடையில் சரக்கு இருக்க வேண்டும் என்பதுதான் விதி. கேட்டவனுக்கு விற்றே ஆக வேண்டும் என்பது இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கென்றே விற்கப்படும் பாலிசிகளிலும் மறுக்கும் உரிமை கம்பெனியிடம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போய்விட்டது. சந்தோஷம், பாலிசி கிடைத்தவர்களுக்கு.

வழி இல்லாமலில்லை. லாரி, ஜீப் போன்ற வர்த்தக வண்டிகளைக் கம்பெனிகள் தட்டிக்கழித்தபோது, 2012 ஏப்ரலில் ஆணையம் என்ன செய்தது தெரியுமா? நிராகரிக்கப்பட்ட வண்டிகளுக்கென்றே ஒரு பொதுத் தொகுப்பு அமைத்து, நஷ்டத்தை எல்லாக் கம்பெனிகளும் பங்கிட்டுக்கொள்ள வைத்தது. சில வருஷம் அது நடந்தது. நிராகரிக்கப்பட்ட மனிதர்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு ஏன் கூடாது?

அதுவரை, வீட்டில் 25 வயதை நெருங்கும் பிள்ளை குடும்பப் பாலிசியில் இருந்தால், வயது முடியும் முன்பே தனிப் பாலிசிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இடைவெளி விடாமல் மாறினால் காத்திருந்த வருஷங்கள் கணக்கில் வரும். புதிதாகக் கேட்டு மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்று 2016 விதியிலேயே இருந்தது. ஆணையமும் ஒன்று செய்யலாம். எந்தக் கம்பெனி எத்தனை கிளெய்ம் கொடுத்தது என்று வருஷா வருஷம் கணக்குப் போடுகிறதே, அதன் பக்கத்திலேயே எத்தனை பேரை, எந்த வயதில், எந்த நோயைச் சொல்லித் திருப்பி அனுப்பியது என்றும் ஒரு கட்டம் போடட்டும்.