கவிழ்ந்த டேங்கரும் நான்கு இலக்க எண்ணும்

கேள்வி: ‘‘எங்கள் வயலை ஒட்டிய நெடுஞ்சாலையில் டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்தது. தகவல் கிடைத்து வந்த தீயணைப்பு வீரர்கள், எங்களை விரட்டிவிட்டு நீண்ட நேரம் தூரத்திலேயே நின்றார்கள். இது மெத்தனம் இல்லையா? இப்படி நடந்தால் விவசாயிகள் என்ன செய்ய வேண்டும்?’’

- வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: மெத்தனம் இல்லை. ரசாயன விபத்துக்குச் செல்லும் வீரர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடமே அதுதான். காற்று வரும் பக்கத்தில், மேடான இடத்தில் நிற்க வேண்டும். டேங்கருக்குள் இருப்பது என்னவென்று தெரியும் முன் நெருங்கக் கூடாது.

அதைத் தெரிந்துகொள்ள உதவுவது, டேங்கரின் இரு பக்கமும் பின்புறமும் உள்ள அவசரத் தகவல் பலகை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இது கட்டாயம். அதில் உள்ள நான்கு இலக்க எண், ரசாயனத்தின் அடையாளம். 1203 பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அமோனியா. அதே பலகையில் ஒரு குறியீடும் இருக்கும். அது 2 என்று தொடங்கினால் நீரைப் புகைபோலத் தூவ வேண்டும். 3 என்றால் நுரை அடிக்க வேண்டும். அவசரத்துக்கு அழைக்கத் தொலைபேசி எண்ணும் உண்டு.

பிறகுதான் வீரர்கள் உள்ளே போவார்கள். உடல் முழுவதும் மூடும் உடை, முதுகில் காற்று சிலிண்டர், கையில் வாயு அளக்கும் கருவி இருக்கும். சிலிண்டர் காற்று குறைந்த நேரமே வரும். அதனால் இருவராகப் போவார்கள். அவர்களைக் காப்பாற்ற வேறு இருவர் தயாராக நிற்பார்கள். திரும்பி வருபவர்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் இடத்தையும் முன்பே அமைத்துவிடுவார்கள். நீங்கள் பார்த்த தாமதம் இந்த ஏற்பாடுகளுக்கானது. பெரிய விபத்து என்றால், இதற்கெனப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

* தூரத்தில் இருந்தபடியே அந்த எண்ணைப் படிக்க முடிந்தால், 112 அல்லது 101-க்கு அழைத்துச் சொல்லுங்கள். எண்ணைப் படிப்பதற்காகக் கிட்டே போகாதீர்கள்.

* சிந்தும் எரிபொருளைப் பிடிக்கக் குடத்தோடு ஓடாதீர்கள். 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஹவல்பூர் அருகே அப்படிக் கூடிய கிராம மக்களில் 200-க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள்.

* சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஓடை, பள்ளம், கிணறு ஆகியவற்றில் இறங்கித் தங்கும். பம்ப்செட் மோட்டாரைப் போடாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாமல் விலகிவிடுங்கள். ஒரு பொறி போதும். கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் 2012 ஆகஸ்டில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் இறந்தார்கள். எரிவாயு டேங்கரில் தீப்பிடித்தால், சுற்றிலும் 1,600 மீட்டர் வரை யாரும் இருக்கக் கூடாது என்பது வீரர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல்.

* வாயு உங்கள் பக்கம் வந்தால், காற்றுக்குக் குறுக்காக நடந்து மேட்டுப் பகுதிக்குப் போங்கள். காற்று உங்கள் பக்கம் வீசாவிட்டால் மட்டும் மாடுகளை அவிழ்த்து ஓட்டுங்கள்.

* ரசாயனம் கலந்த வாய்க்கால் நீரைப் பரிசோதனை முடியும்வரை பயிருக்கோ, கால்நடைக்கோ பயன்படுத்தாதீர்கள்.

வீரர்கள் ‘தள்ளிப் போங்கள்’ என்றால் உடனே தள்ளிப் போய்விடுங்கள். கூட்டத்தை விலக்கும் நேரம் மிச்சமானால், அவர்களால் கசிவைச் சீக்கிரம் அடைக்க முடியும்.