வரிசையை விற்கிறார்கள்!

அதெல்லாம் இஞ்சினீயர் சமாச்சாரம், உங்களுக்குப் புரியாது என்று சொல்லியே நம் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். புரியாமல் என்ன, தோழர்களே?

கைப்பேசியில் நாம் பார்க்கும் படமும் பேசும் பேச்சும் சிறு சிறு பொட்டலங்களாக உடைந்துதான் பயணம் போகின்றன. வழியில் சந்திக்குச் சந்தி 'ரூட்டர்' என்ற இயந்திரம் அவற்றைப் பிரித்து அனுப்புகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும் முன்னுரிமை குறிக்க 6 பிட் இடம் உண்டு. 64 விதமான குறி போடலாம். கூட்டம் நெரியும்போது ரூட்டர் குறியைப் பார்க்கிறது. இதை முதலில் விடு, அதை நிறுத்து, இடமில்லையா, தூக்கி எறி!

இந்த ஏற்பாட்டில் தவறில்லை. குரல் கால் விநாடி பிந்தினாலும் பேச்சு குழறும். கடிதம் பத்து விநாடி பிந்தினால் யாருக்கு என்ன நஷ்டம்? குரலை முன்னே விடுவது நியாயம். தேவையைப் பார்த்துக் குறி போடுவது வேறு. பணப்பையைப் பார்த்துக் குறி போடுவது வேறு. கம்பெனிக்காரர்கள் முன்னதைக் காட்டிப் பின்னதைக் கடத்தப் பார்க்கிறார்கள்!

பாதை காலியாக இருந்தால் முன்னுரிமைக்குக் காலணா மதிப்புக் கிடையாது. விநாடிக்கு 10,000 கோடி பிட் பாயும் கண்ணாடி இழைகள் இன்று உண்டு. இடமிருந்தால் எல்லாப் பொட்டலமும் வந்தவுடனே போய்விடும். நெரிசல் இருந்தால்தான் முந்திப் போகும் சீட்டு விலை போகும். பதுக்கல்காரனுக்குப் பஞ்சம் எப்படியோ, சீட்டு விற்பவனுக்கு நெரிசல் அப்படி. அவன் ஏன் பாதையை அகலப்படுத்தப் போகிறான்? ஒருவனை முன்னே விடுவதென்றால் இன்னொருவனைப் பின்னே தள்ளுவதுதான். கடைமடை விவசாயிக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2007-ல் காம்காஸ்ட் கம்பெனி, 'பிட்டோரண்ட்' முறையில் கோப்பு பகிர்ந்த தன் வாடிக்கையாளர்களின் இணைப்பை ரகசியமாக அறுத்தது அம்பலமாயிற்று. 2013 கடைசியில் அதே கம்பெனியின் வாடிக்கையாளர் வீடுகளில் நெட்ஃபிளிக்ஸ் படங்கள் திக்கித் திணறின. குற்றம் எங்களுடையதல்ல என்றது காம்காஸ்ட். 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. படமும் சீராக ஓடத் தொடங்கிற்று! நெட்ஃபிளிக்ஸ் முதலாளிக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. அவர் கொடுப்பார், சந்தாவில் ஏற்றிக்கொள்வார். கொடுக்க வழியில்லாத சின்னப் பத்திரிகையும் கூட்டுறவுச் சங்கமும் எங்கே போகும்?

ஜனங்கள் போட்ட கூச்சலில், காசுக்கு முன்னுரிமை விற்பதை 2015-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தடை செய்தது. 2017 டிசம்பரில் அதே ஆணையம் அந்தத் தடையைத் தூக்கி எறிந்தது. 2024 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தது. கம்பெனிச் சங்கங்கள் கோர்ட்டுக்கு ஓடின. 2025 ஜனவரி 2-ந் தேதி சின்சினாட்டி அப்பீல் நீதிமன்றம் தடையை ரத்துச் செய்துவிட்டது.

இந்தியாவில்? 2016 பிப்ரவரியில் டிராய், உள்ளடக்கத்துக்குத் தக்கபடி கட்டணம் வைப்பதைத் தடுத்தது. பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' மூட்டை கட்டிற்று. லட்சக்கணக்கானோர் எழுதிக் குவித்ததால் வந்த வெற்றி அது. 2018 ஜூலையில் மத்திய அரசும் இணைய சமநிலை விதிகளை ஏற்றது. ஆனால் 'சிறப்புச் சேவை'களுக்கு மட்டும் விலக்கு! 5ஜி-யில் ஒரே வலையைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு வேகம் கொடுக்க முடியும். எந்தத் துண்டு 'சிறப்பு', எது சாதாரணம் என்று எழுதும் பேனா யார் கையில் இருக்கப் போகிறது?