மருந்துக்கடையில் "எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள்

மாத்திரை வாங்கப் போன பெண்ணிடம் "கல்யாணம் ஆயிடுச்சா? எந்தத் தெரு?" என்று கேட்டால், இரண்டாவது கேள்வி எதற்கு என்று நமக்குத் தெரியும் தோழர்களே. நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவி ஒருத்தியிடம் கேட்டது இது. அதற்கு முன் இரண்டு கடைகளில் "அதெல்லாம் வைக்கிறதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அவசரக் கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்க 2005இலேயே அனுமதி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பல கடைகளில் இன்றும் கிடைப்பதில்லை. கடைக்காரரின் 'ஒழுக்கம்'தான் இங்கே சட்டம்.

72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை அது. தள்ளிப்போகப் போகப் பலன் குறையும். அவள் மூன்றாம் நாள்தான் போட்டாள். மாதவிலக்கு வந்துவிட்டது. ஆறு வாரமாகியும் தூக்கம் மட்டும் வரவில்லை, காதலன் தொட்டாலே உடம்பு மரத்துப்போகிறது. "மாத்திரை என்னைக் கெடுத்துடுச்சா?" என்று கேட்டாள்.

அதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும். தரித்த கருவைக் கலைக்காது, பின்னாளில் பிள்ளை பெறுவதையும் கெடுக்காது. குமட்டல், தலைவலி, சோர்வு வரலாம், மாதவிலக்கு முன்பின்னாகலாம். சில நாளில் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும். போகாமல் தங்குவது பயம். அதை ஊட்டியது கடைக்காரர், விடுதிக் காப்பாளர், "அவளுங்க அப்படித்தான்" என்று சேரிப் பெண்ணைப் பற்றி ஊர் எழுதி வைத்திருக்கும் தீர்ப்பு. ஊர்த்தெருப் பெண் செய்தால் அவள் ஒருத்தியின் தவறு. நம் பெண் செய்தால் சாதிக்கே சாட்சி. இந்தப் பாரத்தோடு படுக்கைக்குப் போகிறவளுக்கு ஆசை எங்கிருந்து வரும்?

நம் ஆண் தோழர்களையும் விடுவதற்கில்லை. ஆணுறை போடச் சோம்பி, மறுநாள் மாத்திரையை அவள் தலையில் கட்டிவிட்டு, அவள் ஒதுங்கினால் "என்மேல அன்பு போயிடுச்சா?" என்கிறவர்கள் நம் மேடையிலும் முழங்குகிறார்கள். 1938இல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தது, தோற்றது. அதை மாலை போடும் நாளில் மட்டுமாவது நினைக்கலாம்.

அவளுக்கு நாம் சொன்னது கொஞ்சம்தான். ஆசை வராத நாளில் "வேண்டாம்" என்று சொல், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தூக்கமின்மை நீண்டால் அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, டாக்டரையும் பார். (மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், எல்லோருக்கும்தான் சொல்கிறோம்.)

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊரில் எந்தெந்தக் கடை மறுத்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டியலோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம்.