ஏலம் நின்றது, படம் எங்கே?

பிப்ராவா ரத்தினங்கள் தாயகம் திரும்பியதைக் கொண்டாடி முடித்துவிட்டோம். 1898-இல் பெப்பே என்ற ஆங்கிலேயர் பிப்ராவாவின் பௌத்த ஸ்தூபத்தைத் தோண்டி எடுத்து, அவர் குடும்பத்தார் ஒரு பங்கைத் தம்மிடமே வைத்துக்கொண்ட அப்புனித மணிகள், 2025 மே 7-ஆம் தேதி ஹாங்காங்கில் ஏலத்துக்கு வரவிருந்து, இந்திய சர்க்காரின் நோட்டீஸுக்குப் பின் நிறுத்தப்பட்டு, இந்தியத் தொழில் குழுமம் ஒன்று விலை கொடுத்து வாங்கியதன் பயனாக ஜூலை இறுதியில் வந்து சேர்ந்த கதையை வாசகர்கள் அறிவர். அந்த ஆரவாரத்தில் ஒரு காரியம் எவர் கண்ணையும் உறுத்தாமல் போயிற்று. ஏலத்தை நிறுத்திய கையோடு, மணிகளின் படங்களோடு அதனை அறிவித்திருந்த இணையப் பக்கத்தையும் ஏலக்கூடத்தார் அகற்றிவிட்டனர். நிறுத்தியதை மெச்சுகிறோம், அகற்றியதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

படம் தங்கள் செலவில் எடுத்தது, ஆகவே இடவும் எடுக்கவும் தங்களுக்கே பாத்தியதை உண்டு என்று அவர்கள் வாதிக்கக்கூடும். சட்டமும் அந்த வாதத்துக்குப் பெரும்பாலும் இடங்கொடுக்கும். ஆனால் பொருள் எவருடையது என்பதே சர்ச்சையில் இருக்கும்போது, அதன் பிம்பம் மாத்திரம் விற்க வந்தவருக்கே ஏகபோகம் என்பது விசித்திரமான தர்மம் அல்லவா? மாட்டைச் சந்தையில் கட்டி விலை கூறியவன், உரிமை கோருபவன் வந்து சூட்டுக்குறியைத் தேடத் தொடங்கியதும் அதன்மேல் போர்வையைப் போட்டு மூடினால், எந்தச் சந்தை பொறுக்கும்?

படம் என்ன செய்யும் என்று கேட்பவர்கள், நம் செஞ்சியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தை நினைத்துப் பார்க்கட்டும். கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவில் ஆலயத்துத் திருமங்கையாழ்வார் திருமேனியை அந்நிறுவனத்தார் 1957-இல் படம் பிடித்து வைத்திராவிட்டால், ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நின்ற ஆழ்வார் அவரே என்று எந்த நியாயஸ்தலத்தில் எவர் நிரூபித்திருக்க முடியும்? பூட்டை உடைத்தவனைக் கண்ட சாட்சி இல்லை. கோயிலில் நின்றதோ மாற்றி வைக்கப்பட்ட போலி. இங்கே எடுத்த படத்தையும் அங்கே இருந்த படிமத்தையும் ஓர் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்ததன் பலனாகவே, 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆழ்வாரைத் திருப்பித் தர இசைந்தது. ஆகவே சாட்சியத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. பறிகொடுத்தவன் பக்கத்துப் பாதி, பழுப்பேறிய அட்டையில் ஏதோ ஓர் அலமாரியில் கிடக்கிறது; மற்றப் பாதி, விற்பவன் ஒளிபாய்ச்சி எடுத்து விலைப்பட்டியலில் வெளியிடும் படம். பின்னதை நினைத்தபோது மறைக்கலாம் என்றால், முன்னதைப் போற்றிக் காத்து என்ன பயன்? சிங்கவரத்துப் பக்தனும் மேல்சித்தாமூர்ச் சமணனும் தம் ஊர்த் திருமேனி நாளை கடல் கடந்த ஏலத்தில் தென்பட்டால், அதைக் கண்டுகொள்ளும் ஒரே வாயில் அந்தப் பட்டியல்தான்; அந்த வாயிலின் சாவியோ விற்பவன் மடியில்.

இந்த ஏலக்கூடத்துக் கனவான்களின் பூர்வோத்தரத்தை நோக்கினால் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. மேற்சொன்ன ஆழ்வாரை 1967-இல் விலை கூறி விற்றது இதே கூடம்தான். கடத்தல் பொருள்கள் அங்கே கைமாறிய விதத்தை 1997-இல் ஒரு பத்திரிகையாளரின் நூல் அம்பலப்படுத்திய பிறகே, லண்டனில் தொல்பொருள் ஏலங்களை வழக்கமாக நடத்துவதைக் கைவிட்டனர். திருந்தினார்களா? கம்போடியக் கோயிலொன்றின் பீடத்தில் பாதங்கள் மட்டும் நின்றிருக்க, அப்பாதங்களை இழந்த சிலையை 2011-இல் நியூயார்க்கில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்சேபம் எழவே கடைசி வேளையில் விலக்கினார்கள். பின்னும் விட்டுக்கொடாமல் வழக்காடி, 2013 டிசம்பரில்தான் ஒப்படைக்க உடன்பட்டார்கள். பிடிபடும் வரை வியாபாரம், பிடிபட்ட பின் கண்ணியம் என்பதுதான் இவர்களது ஆசாரம் போலும்!

செஞ்சிக் கோட்டை வெங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் என்பர். கொண்டுபோனவர்கள் அவற்றை ஒளித்து வைக்கவில்லை; இன்றும் கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றி, நாலு பேர் பார்க்க நிற்கின்றன. செஞ்சிக்காரன் எவனும் போய்த் தொட்டுப் பார்த்து, இது எங்கள் ஊர்க் கல் என்று உரக்கச் சொல்லலாம். பட்டாளத்தோடு வந்து கோட்டையைப் பிடித்தவர்களுக்கு இருந்த அந்தக் கூச்சமின்மைகூட, கழுத்துப்பட்டை அணிந்து சுத்தியல் தட்டும் இந்தக் கூடத்தாருக்கு இல்லை.

ஏலப் பட்டியலில் ஒரு முறை பகிரங்கமாக்கிய படம் பகிரங்கத்திலேயே நிலைக்கும்படி, சர்க்காரும் அறிஞர்களும் சர்வதேச ஸ்தாபனங்களும் கலந்து ஓர் ஒழுங்கு காண வேண்டும். அது சட்டமாகவோ சம்பிரதாயமாகவோ, எவ்வுருவில் அமைந்தாலும் நமக்குச் சம்மதமே. விலை கூறும்போது உலகமே பார்க்கலாம், கேள்வி பிறந்ததும் ஒருவரும் பார்க்கலாகாது என்ற வழக்கத்தை வியாபார மரியாதை என்று ஒப்புக்கொள்ள மட்டும் நாம் சித்தமாக இல்லை.