மரக்காணம் கரையில் சவுக்குச் சாகுபடி

விழுப்புரம் ஜில்லா மரக்காணம் கரையின் மணற்பாங்கான பட்டா நிலங்களிற் சவுக்குத் தோப்புகள் மிகுதி. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை இராஜதானியில் ரயில் எஞ்சின்களின் விறகுக்காக இம்மரம் பெருவாரியாய்ப் பயிராயிற்று. எஞ்சின் போயிற்று, மரம் நின்றது. இப்பொழுது சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் செல்கிறது.

ஐப்பசி மழையில் நாற்று நட்டு, முதற் கோடையிற் குடம் குடமாய் நீர் வார்ப்பது பழைய வழக்கம். இடையில் மணிலாக்கொட்டை இடுவதுமுண்டு. வேர்முடிச்சிலுள்ள பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்தளிப்பதால் வெறுமணலிலும் மரம் தேறுகிறது. அந்நிலத்தில் உதிர்ந்த சருகு முழுவதையும் வாரி விற்பது, வட்டியோடு முதலையும் விற்பதாகும்.

4, 5 ஆண்டில் தோப்பு முழுவதையும் ஒரே வெட்டாய் வியாபாரிக்கு ஒப்படைப்பது அதனினும் தவறு. சவுக்கின் அடிக்கட்டை நன்கு துளிர்ப்பதில்லை. புது நாற்று எழும்வரை நிலம் காற்றுக்குத் திறந்து கிடக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய கரையில் ஏறின. ஆதலின் கடலை நோக்கிய சில வரிசைகளையேனும், புது நடவு ஆளுயரம் வரும்வரை விட்டுவைத்தல் வேண்டும். கைக்கு வரும் பணம் சற்றுக் குறையும், மெய்தான். உள்நிலத்துக் கிணறும் மணிலாக் கொல்லையும் மணல் மூடாமல் தப்பும். பங்காளிகளிடையே பிரிந்த தோப்பில் ஒருவர் விட்டு மற்றவர் வெட்டினாற் பயனில்லை. வெட்டுக்கு முன்பே கிராம அதிகாரிகள் அவர்களை ஒருங்கு கூட்டிப் பேசவைத்தல் நலம்.